இரண்டு தண்ணீர்க் குழுக்கள்

சிவநேசனுக்கும் அவர் மைத்துனன் மோகனராஜுக்கும் ஆகாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான். அதுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தவர்கள்.

சிவநேசன் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. அவர் வீட்டுக் குழாயில் ஒரு குறையும் இல்லை. மேல்மாடிகளுக்குத்தான் காலையில் தண்ணீர் ஏறாது. ஆனாலும் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சத்தம் போட்டவர் அவர்தான். கடைசியில் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில், "நீங்களே ஒரு தண்ணீர்க் குழு அமையுங்கள், புது பம்புக்கு ஏற்பாடு செய்கிறோம்" என்றார்கள். தலைவர் யார் என்பதில் சிவநேசனுக்குச் சந்தேகமே இல்லை. விசேஷத்துக்குப் போடும் பத்தேக் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

கூட்டத்தில் வந்தது மோகனராஜின் பெயர். மலாய் நன்றாகப் பேசுவான், யாரிடமும் கத்தமாட்டான் என்றார்கள். கைகள் உயர்ந்தன. சிவநேசனின் மனைவி குமுதாவின் கையும்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "நீயுமா தூக்குன?"

"அவன் என் தம்பிங்க. அதோட, நீங்க போன எடத்துல எல்லாம் சண்டைதானே வந்துச்சு?"

பம்பு வரும்வரை கீழ்மாடிகள் காலையில் கொஞ்ச நேரம் குழாயை மூடிவைக்கட்டும் என்றான் மோகனராஜ். நல்ல யோசனைதான். தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் சிவநேசனுக்கு வயிற்றெரிச்சல். கீழ்மாடிகளில் கதவு கதவாகத் தட்டினார்.

"நம்ம தண்ணிய மேல ஏத்திவிட்டு நல்ல பேரு வாங்குறான்லா! அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே அடி போடுறான்."

கீழ்மாடிக் குழு பிறந்தது. தலைவர் சிவநேசன். கைதட்டினார்கள். குமுதா அந்தப் பக்கம் வரவே இல்லை.

இரண்டு குழுவோடு பேச முடியாது என்று சொல்லி, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பம்பை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலை, பத்தாம் மாடி லெட்சுமி இரண்டு வாளியோடு வாசலில் நின்றாள். "லிஃப்ட்டும் ரோசாக் அண்ணே, ஓடல, படியிலதான் எறங்கி வந்தேன்." சிவநேசனே நிரப்பிக் கொடுத்தார்.

"மோகன் அண்ணந்தான் சொன்னாரு, அத்தான் வீட்டுக்குப் போங்க, இல்லேன்னு சொல்லமாட்டாருன்னு."

தான் கொடுத்த தண்ணீருக்கும் அவனுக்கா நல்ல பெயர்! உள்ளுக்குள் எரிந்துகொண்டே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அவளோடு படியேறினார். அவள் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள் அலசாமல் சோப்பு நுரையோடு கிடந்தன. இறங்கிவந்து மோகனராஜின் கதவைத் தட்டினார்.

"எங்க குழுவக் கலைச்சிடறேன். பம்பக் கொண்டாரச் சொல்லு."

"அத்தான், நீங்களே தலைவரா இருங்க. நான் விலகிக்கிறேன்."

அந்தப் பெருந்தன்மைதான் அவரை இன்னும் சுட்டது. "ஒண்ணும் வேணாம்" என்றார்.

பம்பு வந்தது. குடும்ப வாட்ஸ்அப்பில் குமுதா படம் போட்டாள். நடுவில் மாலையோடு மோகனராஜ். வாழ்த்துகள் குவிந்தன. சிவநேசன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் அவர் முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"மேல நல்லா தண்ணி வருதாம்" என்றாள் குமுதா.

"வரட்டும்" என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.