மகிழந்தாங்கல் வழியாகச் செல்லும் பேருந்து

ஞானமதி குடியிருந்தது திண்டிவனத்தில்; வேலை பார்த்தது விழுப்புரம் பேருந்து நிலையத்தில். வேலை என்றால் பேசுவதுதான். டைம் கீப்பர் அறைக்கு மேலே, தகரக் கூரை போட்ட கூண்டு போன்ற அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எப்போது புறப்படும் என்று சொல்ல வேண்டும். இடையிடையே ஜவுளிக்கடை, பற்பொடி, இருமல் மருந்து விளம்பரங்களைப் படிக்க வேண்டும். விளம்பரக் காண்ட்ராக்டர் கண்ணையன்தான் முதலாளி. தமிழில் பி.ஏ. படித்த பெண்ணையே வேலைக்கு வைத்திருப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். பற்பொடியை இலக்கணப் பிழையில்லாமல் விற்றால் வியாபாரம் பெருகும் என்பது அவர் நம்பிக்கை.

ஞானமதிக்கு நாவல் எழுத வேண்டும். அதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள். செஞ்சி வண்டி வந்துவிடும். கதாநாயகியைக் கிணற்றடியில் அழவிட்டுவிட்டுத் திருக்கோவிலூர்ப் பயணிகளை அழைப்பாள்; திரும்பி வந்தால் கதாநாயகி எதற்கு அழுதாள் என்பது மறந்திருக்கும். இதனால் அவளுடைய வாக்கியங்கள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போயின. அதைத் தன் நடை என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்துதான் நொண்டியதே தவிர, கனவுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் நிற்பவரின் முழங்கை விலாவில் இடித்தாலும், அவள் மகிழந்தாங்கலில்தான் இருப்பாள். மகிழந்தாங்கல் அவள் நாவலில் வரும் ஊர். இரண்டு தெரு, ஓர் ஓடை, ஓடைக்கு அக்கரையில் காதலன். எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்.

எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த ஊர் மைக்கில் வந்துவிட்டது.

"வளவனூர், மகிழந்தாங்கல் வழியாகப் பாண்டிச்சேரி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று அறிவித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதாநாயகி ஓடையைக் கடந்துகொண்டிருந்ததால், தான் சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

கீழே கண்டக்டர் சீனுவாசனுக்குத் தெரிந்தது. தனியார் வண்டிக்காரர், நிறுத்தம் கூடினால் டிக்கெட் கூடும் என்ற எளிய தத்துவம் உடையவர். "மகிழந்தாங்கல், மகிழந்தாங்கல்! ஏறு ஏறு, ஜல்தி!" என்று அவரும் கூவினார். நான்கு பேர் ஏறினார்கள். 'தாங்கல்' என்று முடியும் வேறு வேறு ஊர்களுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். தங்கள் ஊர்ப் பெயரை மைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வண்டிக்குள் பேச்சு வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"வளவனூரு தாண்டுனா ஒரு ஆலமரம் வரும் பாரு, அதான். எங்க மச்சான் அங்கதான் பொண்ணு எடுத்தான்."

நான்கு பேரும் ஆலமரத்தடியில் இறங்கினார்கள். எதிரே கரும்பு. பின்னாலும் கரும்பு.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். அப்படி ஓர் ஊரே இல்லை என்பதற்காக அல்ல. கண்டக்டர் ஊருக்குள் போகாமல் ரோட்டிலேயே இறக்கிவிட்டார் என்பதற்காக. டைம் கீப்பர் சவுரிராயன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"இன்னாம்மா பேஜாரு இது? எங்க இருக்குது அந்த ஊரு?"

"என் கதையில இருக்குதுங்க சார்."

"கதையிலயா? அங்க எப்டிம்மா பஸ்ஸு போவும்?"

"தெரியாம சொல்லிட்டேங்க. ஏதோ யோசன பண்ணிக்கினு இருந்தேன்."

"நாங்கல்லாம் யோசன பண்ணிக்கினா வேல பாக்குறோம்?" என்றார் சவுரிராயன் பெருமையோடு. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

கதை போலவே தொடங்கி எழுதிக் கொடுத்தாள். இரண்டு பக்கம் படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "காரணம் எங்கம்மா? இன்னும் மழதான் பேஞ்சிக்கினு இருக்குது."

கண்ணையன் அவளை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அவள் கணவன் ஜினதாஸ் திண்டிவனத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை மண்டி ஒன்றில் கணக்கர். "நல்லதாப் போச்சு. நிம்மதியா உக்காந்து எழுது. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான். அவன் எதுவும் கேட்கவில்லைதான். மனைவி வீட்டில் இருக்கிற செய்தியை உறவினர் அனைவருக்கும் சொல்ல மட்டும் செய்தான். முதலில் நாத்தனார் சந்திரகாந்தா பேச்சுத்துணைக்கென்று பிள்ளைகளோடு வந்தாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் சமணக் குடும்பம். மத்தியானப் பாத்திரம் காய்வதற்குள் மறுபடி அரிசி களைய வேண்டும். அந்த வாரத்தில் நாவலில் சேர்ந்தது ஒரே வாக்கியம்: 'விடிந்தது.' அதன் மேலும் சந்திரகாந்தாவின் கடைக்குட்டி கண்மை தடவிவிட்டது.

வாரம் முடியும் முன்பே கண்ணையன் ஆள் அனுப்பினார். அவளுக்குப் பதிலாக உட்கார்ந்த அவருடைய மைத்துனர் மைக்கிலேயே இருமுகிறாராம். இருமல் மருந்துக்காரர் வருத்தப்படுகிறாராம்.

அவள் திரும்பி வந்து சில மாதங்களில் மகிழந்தாங்கல் நன்றாக முன்னேறிவிட்டது. ஆலமரத்தடியில் இறங்க வேண்டும் என்று யாராவது தினமும் கேட்டார்கள். சீனுவாசனும் நிறுத்தினார். செண்பகம் என்ற பெண் அங்கே டீக்கடை போட்டு, ஊர்ப் பெயரையும் பலகையில் எழுதி மாட்டிவிட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் ஞானமதி தன் ஊரைப் பார்க்கப் போனாள். ஓடை இல்லை. காதலன் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் எருமை நின்றது.

"ஏங்க்கா, இந்த எடத்துக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டாள்.

"அது ரொம்பப் பழைய பேரும்மா. யாரோ ஒரு ராஜா மகிழ்ந்து குடுத்தாராம்" என்றாள் செண்பகம் டீயை ஆற்றிக்கொண்டே. "நீ இந்தப் பக்கம் புதுசு போலக்கீது. ஒனக்கெங்க தெரியும்?"

ஞானமதிக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செண்பகம் தொடர்ந்தாள்: "பேரு இன்னாவா இருந்தா இன்னா? முன்னல்லாம் கரும்பு வெட்டிட்டு, நடக்க முடியாத காலோட வளவனூரு வரைக்கும் நடப்போம். கைய நீட்டுனா ஒருத்தன் நிறுத்த மாட்டான். இப்ப பேரச் சொன்னா நிக்கிறான்."

எழுத்தாளர்களுக்கு அபூர்வமாக வரும் ஓர் அடக்கம் ஞானமதிக்கு வந்தது. பேசாமல் டீயைக் குடித்தாள். இன்னொன்றும் வாங்கிக் குடித்தாள். செண்பகம் பேசிக்கொண்டே இருந்ததில் திரும்பிப் போக வேண்டிய வண்டியை விட்டுவிட்டாள்.

நாவலைக் கட்டிப் பரணில் போட்டாள். செண்பகத்தைப் பற்றி ஒரு சிறுகதையை, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே, எழுதி முடிக்கப் பொங்கல் வந்துவிட்டது. ஒரு வார இதழுக்கு அனுப்பினாள். 'கதை பரவாயில்லை. ஊர்தான் நம்பும்படியாக இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஊரை மாற்றாமல் வேறொரு இதழுக்கு அனுப்பினாள். அவர்கள் ஒரு வருஷம் ஆறப்போட்டு, கூந்தல் தைல விளம்பரத்துக்காகக் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் போட்டார்கள்.

ஜினதாஸ் அதை மண்டிக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினான். வீட்டுக்கு வந்ததும் பக்கங்களை எண்ணிப் பார்த்தான்.

"மூணு பக்கம்தானா?" என்றான் அக்கறையோடு. "அந்த ஒரு வாரம் வீட்ல சும்மாதானே இருந்த? அப்பவே முடிச்சிருக்கலாமே."

ஞானமதி பேனாவை எடுத்தாள். அடுத்த கதையை ஒரு மண்டிக் கணக்கரை வைத்துத் தொடங்கினாள். அவள் எழுதியவற்றிலேயே வேகமாக முடிந்த கதை அதுதான்.