வசனம் எழுதிய கை

எங்கள் பத்திரிகையில் புரூஃப் பார்த்த அக்கா, அச்சானதும் குப்பைக்குப் போகும் படக்கதையின் மூல ஓவியங்களைக் கேட்டு வாங்கி, இருபது வருடமாக பீரோவில் சேர்த்து வைத்திருந்தார். "புடவைக்கு இடமில்ல, இதுக்கு இருக்கு" என்று கணவர் கேலி செய்வார்.

ஓவியர் இறந்த பின், அவர் மனைவி அவற்றைப் பார்க்க வந்தார். படங்களை விட்டுவிட்டு, கட்டங்களுக்குள் கையால் எழுதியிருந்த வசனங்களையே விரலால் தடவினார்.

"இந்த எழுத்தெல்லாம் நான் எழுதினதும்மா. அவரு கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுத்து எழுத்தாகப் பிழை பார்த்தவருக்கு, அது வேறொருவர் கை என்று தோன்றவே இல்லை. பேனாவை நீட்டினார்.

"சார் பேருக்குப் பக்கத்துல உங்க பேரையும் போடுங்க."

"இனிமே எதுக்கும்மா?" என்றபடியே அந்த அம்மாள் கையெழுத்திட்டார். பிறகு, அடுத்த படத்தை எடுத்துத் தரச் சொன்னார்.