இடித்த வீட்டுக்கு ஒரு லைக்

இன்று தாராவியிலிருந்து செம்பூர் போகும் பஸ்ஸில் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்களுக்கு அடுத்த சந்துக்காரர். போன மாதம் அந்தச் சந்து வீடுகளை இடித்த பிறகு திலக் நகரில் வாடகைக்கு இருக்கிறார்.

போனை நீட்டினார். "தம்பி, நம்ம வீட்ட இடிச்ச வீடியோவக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. நேத்து மவ எடுத்துக் குடுத்தா, இப்பக் காணோம்."

எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது என்று காட்ட, இடித்த அரசுத் துறையே எடுத்து யூடியூபில் போட்ட வீடியோ. பின்னணியில் உற்சாகமான இசை வேறு. கமெண்ட்டை மட்டும் மூடிவிட்டார்கள்.

தேடிக் கொடுத்தேன். ஜேசிபி சந்துக்குள் நுழைந்தது. ஒரு வீட்டின் முன்சுவர் விழுந்ததும் அக்கா வீடியோவை நிறுத்தினார். உள்ளே நீலச் சுவர், அதில் சாமி படம் மாட்டியிருந்த ஆணி.

"மவ கல்யாணத்துக்கு அடிச்ச பெயிண்ட்டு தம்பி. நம்மகிட்ட வீட்டுப் போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது. குடியிருக்குற வீட்ட யாரு போட்டோ எடுத்து வைப்பா?"

பிறகு லைக்கை அழுத்தினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதுக்குப் போயி லைக்காக்கா?"

"நேத்து போட மறந்துட்டேன். போட்டு வச்சாத்தான் திரும்பக் கெடைக்குமாம், மவ சொன்னா. நம்ம சந்துல எல்லாரும் போட்டாச்சு."

துறையின் அடுத்த கூட்டத்தில் அதிகாரிகள் அந்த லைக்குகளைக் காட்டி, மக்கள் ஆதரவு என்று சொல்வார்கள்.

அங்கே கமெண்ட் போட முடியாது. இந்தப் பதிவில் போடலாம். லைக் மட்டும் போடாதீர்கள்.