மில்லோடு வளர்ந்த குரல்

கடலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், கொஞ்சம் மெதுவாகப் பேசக்கூடாதா என்று வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும். குறைப்பதாக இல்லை.

மங்கலம்பேட்டையில் அப்பாவின் மாவு மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பகல் முழுக்க மெஷின் ஓடும். உப்பு கேட்பதற்கும் ஊரைக் கூட்டுகிற குரல் வேண்டும். மில் நின்ற பிறகும் எங்கள் குரல் இறங்காது.

ஆறாம் வகுப்புக்கு என்னைச் சிதம்பரத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். அங்கே மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கும். நான் வாயைத் திறந்தாலே சித்தி பல்லைக் கடிப்பாள். திமிர், அடக்கமில்லை என்று நாளுக்கொரு பெயர் வைத்தாள். ஒரு மாதத்துக்குள் குரல் இறங்காவிட்டால் ஊருக்கே அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டாள். புதுப் பள்ளிக்கூடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்காகவே மூன்று வாரம் குரலை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முறுக்கு டப்பாவோடு வந்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பஸ்ஸில் கூட்டமா என்று சித்தப்பா மெல்லக் கேட்டார். அம்மா சிரித்துத் தலையாட்டினாள். மில் எப்படி ஓடுகிறது என்றார். அதற்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். கூடச் சாப்பிட உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பதில் சொல்லக்கூடத் தெரியாத பட்டிக்காடு என்று சித்தி முணுமுணுத்தாள். அம்மா அதற்கும் சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“எம்மா, மில்லு எப்புடி ஓடுதுன்னு கேக்குறாங்க” என்று, மெஷின் ஓடும்போது கத்துவதுபோலவே கத்தினேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பெல்ட் அறுந்ததையும், கம்பு அரைக்க வருகிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்டதையும் அவளும் உரக்கச் சொன்னாள். சித்தி என் தொடையைக் கிள்ளினாள். நான் சித்தப்பாவின் அடுத்த கேள்வியையும் கத்தினேன்.

“எல்லாம் வளத்த லட்சணம்” என்றாள் சித்தி.

“ஆமா சித்தி, எங்கம்மா வளத்த லட்சணந்தான். இனிமே கொறைக்க மாட்டேன்.”

கையைக் கழுவிவிட்டுத் துணிகளைப் பையில் திணித்தேன். பள்ளிக்கூடத்தை நினைத்து அழுகை வந்தது; அதையும் சேர்த்துத் திணித்தேன். யாரும் தடுக்கவில்லை. என்னடி என்று கேட்ட அம்மாவிடம், ஊருக்கு வருகிறேன் என்று கத்தினேன்.

பஸ் ஸ்டாண்டில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வூட்ல நீ ஒருத்திதாண்டி வாயத் தொறந்து பேசுன” என்றாள்.

என் வீரத்தைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்து, ஊர் போய்ச் சேரும்வரை நெஞ்சை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் பேசிய ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை என்பதும், அந்தக் காதை எங்கள் மில் எப்போதோ அரைத்துத் தள்ளிவிட்டது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.