அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

"டீச்சர், வேசித்தனம்னா இன்னாங்க?" பைபிள் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் கேட்டாள். எழுபதுகளின் நடுவில், ஆரணியில் எங்கள் சர்ச்சின் ஞாயிறு பள்ளிக்கு நான்தான் டீச்சர். நல்ல டீச்சர் என்று எனக்கே ஒரு நினைப்பு வேறு. "கர்த்தர் சேர்த்து வைக்காத ரெண்டு பேர் ஒண்ணா வாழறது" என்று பட்டென்று சொன்னேன். பக்கத்தில் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் தங்கை, துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த வருடமே அவள் ஒரு பட்டு நெசவுக்காரரை ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்து. தறியை விட்டு எழுந்தால் நேராக வீட்டுக்கு வருகிற, அதிர்ந்து பேசாத மனிதர். சர்க்கார் அதைக் கல்யாணம் என்றது. எங்கள் சபை வேசித்தனம் என்று எழுதி, ஆராதனையில் வாசித்தது. தெருவில் வாயில் எடுக்கக் கூசுகிற சொல்லை, வேதத்தில் இருக்கிறது என்பதால் எங்கள் ஆட்கள் கூசாமல் சொல்வார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. கதவோரக் கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அப்படியும் முக்காடு போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் வந்தாள்.

மூன்றாம் வருடம் ஆண் குழந்தை பிறந்தது. பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. வேலூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தும் பிழைக்காது என்றுதான் சொன்னார்கள். ஞானஸ்நானம் வாங்காமல் போனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், எங்கள் அப்பா அம்மா பக்கத்தில், குழந்தைக்கு இடமில்லை. அதற்காகத் தங்கை போதகர் காலில் விழுந்தாள். சபை முன்னால் எழுந்து நின்று, வேசித்தனத்தில் விழுந்தேன் என்று தன் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்டால் ஞானஸ்நானம் கொடுப்பதாக அவர் சொன்னார். "ஒரு வார்த்தைதானேடி, சொல்லிட்டு வா" என்று நானும் கெஞ்சினேன். "நான் அத்த சொன்னா, இவன் அதுல பொறந்தவன்னு ஆயிடுமே அக்கா. பெத்தவ வாயாலயா நான் அத்த சொல்றது?" என்று அழுதாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. சொல்லிவிடு என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

அந்த ஞாயிறு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவள் வீட்டுக்காரர் உள்ளே வந்து கைகூப்பினார். "அந்தத் தப்ப நான் பண்ணேன்னு எயுதிக்கோங்கய்யா. எம்மேல போட்டுக்கோங்க. புள்ளைக்குத் தண்ணி தெளிச்சி வுடுங்க." சபையில் சேராதவர் பாவத்தை அறிக்கையிட்டால் செல்லாது என்றார் போதகர். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை, குழந்தையின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். முன்வரிசையில் பிள்ளைகளோடு நான் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை செய்தது கல்யாணம் என்று நான் ஒருத்தி எழுந்து சொல்லியிருக்கலாம். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

குழந்தை அந்த வாரமே போய்விட்டது. கமண்டல நாகநதிக் கரையில், அவள் வீட்டுக்காரரின் ஆட்கள் புதைக்கிற இடத்தில் புதைத்தார்கள். அதற்கப்புறம் தங்கை சர்ச்சுக்கு வரவில்லை.

இப்போது அந்தக் கடைசி பெஞ்சு இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. ரெஜிஸ்டர் கல்யாணம் செய்தவர்கள் முன்னாலேயே உட்காருகிறார்கள். நல்லதுதான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் என் கண் கதவோரம் போய்விடும். தங்கை வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பாள், உபசாரத்தில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்பாள். என்னை அக்கா என்று கூப்பிட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை அதே வரியில் விரலை வைத்து, "டீச்சர்" என்று ஆரம்பித்தது. எனக்கு என் தங்கையின் குரல்தான் கேட்டது. பிள்ளை கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்."