ஒரு வளவுக்கு ஒரு அடுப்பு

என்னைப் பெற்ற ஐயா என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சோடா குடித்தார். சும்மா குடிக்க மாட்டார். மூடியை அவர் கண் முன்னால் உடைக்க வேண்டும். கிளாஸ் வேண்டாம், போத்தலோடு அண்ணாந்து குடிப்பார். குடித்து முடித்ததும் "சரி பிள்ளை, வாறன்" என்று சைக்கிளை எடுப்பார். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும். மணம் வாசல்வரை வரும். அவர் மூக்குக்கு மட்டும் அது எட்டாது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். எந்த வீட்டில் கை நனைக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்பது யாரும் சொல்லித் தராமலே எங்களுக்குத் தெரிந்திருக்கும். கூடாத வீட்டுக்குப் போக நேர்ந்தால் மரியாதைக்கு ஒரு சோடா குடிக்கலாம், அல்லது இளநீர். மூடி போட்டு வந்ததிலும் இளநீர்க் கோம்பைக்குள் கிடப்பதிலும் அந்த வீட்டாரின் கை படவில்லையாம். இதைக் கண்டுபிடித்தவரின் மூளைக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும்.

நான் புத்தூர்த் தோட்டக்காரரின் மகள். என் கணவர் வடகரையில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கொழும்பு வேலையை விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கி, கொக்குவிலில் ஒரு டியூட்டரியில் கணக்குப் படிப்பித்தார். அங்கே சின்ன வகுப்புகளுக்கு நான் தமிழ் படிப்பித்தேன். மத்தியானத்தில் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்போம். என் பெட்டியில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அவருடையதில் அவருடைய அம்மா வைத்த மீன் குழம்பு. ஒருநாள் நானாகவே கையை நீட்டி அந்தக் குழம்பில் என் புட்டைத் தொட்டுச் சாப்பிட்டேன். அவர் பயந்துபோனார். "நீங்கள் சைவமெல்லே?" என்றார். "நேற்றுவரைக்கும்" என்றேன். எங்கள் கல்யாணத்துக்கு அதைவிட நல்ல நாள் யாரும் பார்த்துத் தந்திருக்க முடியாது.

ஐயா அடிக்கவில்லை, கத்தவில்லை. "போறதெண்டால் போ. பெத்த பிள்ளையைப் பாக்க நான் வருவன். ஆனா அங்கை கை நனைக்க மாட்டன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாதத்துக்கு ஒரு தடவையாவது சைக்கிள் காரியரில் வெங்காயமும் மரவள்ளிக் கிழங்கும் கட்டிக்கொண்டு வருவார். கொண்டுவருவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவருடைய தோட்டத்துக் கத்தரிக்காய் என் சட்டிக்குள் போனதும் அவருக்கு ஆகாததாகிவிடும். காலையில் அவர் கையால் பிடுங்கியது, மத்தியானம் என் கையால் வதங்கியதும் தீட்டு. நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதே கைதான்.

இந்த இடத்தில் உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐயா ஊரில் எந்தக் கல்யாண வீட்டில் சாப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டார். உறைப்பு உச்சியில் அடித்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழும்புவார். ஆனால் அம்மா வைக்கிற கறியில் வாய் வைத்ததும் "உப்புக் கூட" என்பார், கூடிவிட்டதாம். இல்லாவிட்டால் "உப்புக் காணாது." இரண்டில் ஒன்று ஒவ்வொரு நாளும் உண்டு. அம்மா ஒருநாளும் கோபிக்கவில்லை. "குறை சொல்லுறது சொந்த அடுப்பைத்தான் பிள்ளை. பிறத்தி வீட்டிலை அந்த மனிசன் ஊமை" என்பாள். நான் பத்து வயதில் முதல் முதல் வைத்த சொதிக்கும் "உப்புக் கூட" என்றுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

என் கணவரோ கருகின வெங்காயத்தையும் "நல்லாயிருக்கு" என்பார். பாகற்காய் கசந்தாலும் நல்லாயிருக்கு. சோறு குழைந்தாலும் நல்லாயிருக்கு. புதிதில் சந்தோஷப்பட்டேன், பிறகு எரிச்சல் வந்தது. தன் வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறாரே என்று வந்த எரிச்சல் அது. நான் ஏதோ படி இறங்கி வந்து தனக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று அவர் மனதின் ஒரு மூலையில் கிடந்தது. "ஒருநாளைக்கெண்டாலும் சரியில்லை எண்டு சொல்லுங்கோவன்" என்று சண்டை பிடித்திருக்கிறேன். சிரிப்பார். ஒரு ஆள் குறையே சொல்ல மாட்டார். குறை சொல்ல வேண்டிய ஆள் சாப்பிடவே மாட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் வருஷக்கணக்காக உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் மருந்துக்கும் இல்லை, சவர்க்காரம் இல்லை, சோடாவும் கிடைக்கவில்லை. ஐயா இளநீருக்கு மாறினார். தடை எதை நிறுத்தினாலும் அதை மட்டும் நிறுத்தவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி புத்தூர்ப் பக்கமாக இறங்கியது. செல் விழ விழ, ஐயாவும் அம்மாவும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். சைக்கிளில் ஒரு உடுப்பு மூட்டை, கொஞ்ச அரிசி, ஒரு பித்தளைப் பானை. பானையைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற மனுஷன், வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டுப் பானையைத் தூக்கி வந்திருக்கிறார். என் வீட்டில் தனியாகச் சமைப்பதற்கு.

முகம் கழுவினதும் ஐயா மாமரத்தடியில் மூன்று கல்லைத் தேடி வைத்தார்.

"நான் இதிலை ஒரு மூலையிலை காய்ச்சிக் குடிக்கிறன் பிள்ளை. உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"ஐயா, இந்த வளவுக்குள்ளை ஒரு அடுப்புத்தான் எரியும்."

"அது மச்சம் புழங்கிற அடுப்பு."

"நீங்கள் வருவியள் எண்டு புதுச்சட்டி வாங்கி வைச்சிருக்கிறன். இண்டையிலிருந்து இஞ்சை மீனும் இல்லை, முட்டையும் இல்லை. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள்?"

சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது, அதை மருமகன் கேட்க வாய்விட்டுச் சொல்கிற மனுஷன் அல்ல அவர். நான் காலால் மூன்று கல்லையும் மூன்று பக்கம் தள்ளிவிட்டேன். பெற்ற தகப்பன் வைத்த அடுப்பைக் காலால் தள்ளினவள் என்று பிறகு ஊரில் கதைத்தார்களாம். கதைக்கட்டும். இப்போதும் தள்ளுவேன்.

என் கணவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "வயசு போன மனிசன். மூண்டு கல்லுத்தானே, வைக்கட்டும் விடுமன்."

"கல்லில்லை அது. உங்களை வெளியிலை நிப்பாட்டுற மதில்."

"எனக்குப் பழகிப்போச்சு."

"எனக்குப் பழகேல்லை" என்றேன். "பழகவும் மாட்டன்."

அம்மா மட்டும் அன்று மத்தியானமே என் குசினியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். "உவர் சாமி. நான் சாமியில்லை, எனக்குப் பசிக்குது. போடு பிள்ளை" என்றாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐயா வாழைப்பழம் சாப்பிட்டார். இளநீர் குடித்தார். என் கணவர் கொக்கத்தடியால் இளநீரை இழுத்து விழுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் அவர் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஐயா தன் கத்தியால் தானே சீவிக் குடிப்பார். இப்படி இரண்டு கிழமைக்குக் கிட்டப் போனது. ஒவ்வொரு மத்தியானமும் அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்தேன். பின்னேரம் அது பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. அவருடைய வேட்டி இடுப்பில் நிற்க மறுப்பதைப் பார்த்துக் குசினிக்குள் நின்று அழுதேன். ஆனால் கல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. "தேப்பன்டை வீம்பு அப்பிடியே உன்னட்டை" என்றாள் அம்மா. அவருடைய சொத்தில் எனக்கு வந்தது அது ஒன்றுதான், ஏன் விட வேண்டும்?

பிறகு, எங்கள் ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமம் முழுக்க ஒரே பின்னேரத்தில் எழும்பிப் போக வேண்டுமென்று இயக்கக்காரர் சொன்னார்கள். என் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு, பெட்டியில் இருந்த அரிசியையும் பருப்பையும் உப்பையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். நாவற்குழிப் பாலத்தையும் மழையையும் சனத்தையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினவர்கள் இருக்கிறார்கள். என் கதை பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கொடிகாமத்தில் ஐயாவின் தங்கை, என் மாமி, இருந்தார். மதில் கட்டின பெரிய வளவு. விறாந்தை நிறையச் சொந்தக்காரர் வந்து சேர்ந்திருந்தார்கள். மாமி கெட்டவர் இல்லை. எங்களைக் கண்டதும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். ஐயாவுக்குக் காலில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு படலையடியில் நின்ற என் கணவரைப் பார்த்து, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்:

"தம்பி, நீர் உந்த மாட்டுக்கொட்டிலிலை இரும், என்ன. சாப்பாடு அங்கை அனுப்பிறன். கிணத்திலை நீர் அள்ள வேண்டாம், நாங்கள் அள்ளி ஊத்துறம்." என்னிடம் திரும்பி, "நீ உள்ளை வா பிள்ளை. நீ எங்கடை பிள்ளையெல்லே" என்றார்.

வீடு, ஊர், அடுப்பில் வைத்த உலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அந்த நாளிலும் இதை மட்டும் ஒருவரும் விட்டுவிட்டு வரவில்லை. என் கணவர் கொட்டில் பக்கம் நடக்கத் தொடங்கினார். நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படலைக்கு வெளியே வந்தேன். ஐயா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு எனக்கு அதற்குமேல் கதை இல்லை என்று நினைத்தேன்.

மதிலுக்கு வெளியே ஒரு புளியமரம். அதன் கீழே இப்போது மூன்று கல் வைத்தவள் நான். ஈரமில்லாத ஊமல் கொஞ்சம் கிடைத்தது. பனங்கொட்டை ஓட்டைப்போல நின்று எரிகிற விறகு வேறில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கக் கடைக்காரர் ஒரு பழைய பிஸ்கட் தகரம் தந்தார். பள்ளிக்கூடக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது, ஒரு வேலியில் முருங்கையிலை ஒடித்தேன். பசியிலும் கோபத்திலும் உப்பை எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளே நடந்ததை அம்மாதான் பிறகு சொன்னாள். ஐயாவுக்கு இலை போட்டிருக்கிறார்கள். தன் சொந்தச் சாதி வீட்டில், தன் தங்கை கையால் சுடச்சுடச் சோறு. இரண்டு கிழமை சோறு காணாத மனுஷன். பிசையக் கை வைத்தவர் நிமிர்ந்து, "அந்தப் பொடியன் சாப்பிட்டவனோ?" என்று கேட்டிருக்கிறார். "கொட்டிலுக்கு அனுப்பிறதெண்டுதான் இருந்தனான் அண்ணை. அதுகள் வெளியிலை போயிட்டுதுகள்" என்றிருக்கிறார் மாமி. ஐயா எழும்பிவிட்டார். போட்ட இலையில் வாய் வைக்காமல் எழும்புவது அந்த வீட்டாரின் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அது தெரியாத ஆள் இல்லை அவர். அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

எனக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பித்தளைப் பானை.

"தகரம் மணக்கும் பிள்ளை" என்றார். "இதிலை மாத்து."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அதே அளவு ஆத்திரமும் இருந்தது. ஒரு பிடி சோற்றுக்கு, வலிகாமம் முழுக்க இடம்பெயர வேண்டியிருந்ததா? என் வீட்டு மாமரத்தடியில் இறங்காத மனது, றோட்டோரத்துப் புளியடிக்குத்தான் இறங்குமா? அந்தக் கேள்வியை நான் இன்றும் கைவிடவில்லை. அன்று எதையும் கேட்காமல் அரைவேக்காட்டுச் சோற்றைப் பானைக்குள் மாற்றினேன். என் கையால் சமைத்ததைத் தவிர்ப்பதற்காகப் புத்தூரிலிருந்து சுமந்து வந்த பானை அது.

அரிசியும் பருப்பும் முருங்கையிலையும் ஒன்றாய் அவிந்தன. வாழையிலை இல்லை, பூவரசம் இலைதான். ஐயா என் கணவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். முழங்கால் முட்டுகிற அளவுக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் போட்டேன். ஐயா ஒரு வாய் வைத்தார், மென்றார், விழுங்கினார்.

"உப்புக் கூட" என்றார்.

நான் அகப்பையோடு அப்படியே நின்றேன். பக்கத்திலிருந்து என் கணவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஓம் மாமா. கொஞ்சம் கூடத்தான்."

"கூடினால் நாளைக்கு ரெண்டு பேருமாய்ச் சமையுங்கோ" என்றேன். சொல்லிக்கொண்டே ஐயாவின் இலையில் இன்னொரு அகப்பை போட்டேன். அவர் போதும் என்று கை காட்டவில்லை.