தோல் வைத்து அடித்த தகடுகள்

என் மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, ஒரு தேயிலைக் கம்பெனிக்கு விளம்பரத் தகடு அடிக்கிற வேலை பார்த்தார். நீல எனாமலில் ஆவி பறக்கும் கோப்பை வரைந்த இரும்புத் தகடுகள். அவற்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை கடைச் சுவர்களில் அடித்துக்கொண்டே போவார். ஆணியை வெறுமனே அடித்தால் எனாமல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அதனால் பழைய செருப்புத் தோலைக் காலணா அளவுக்கு வெட்டி, ஆணிக்கு அடியில் வைத்துத்தான் அடிப்பார். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

யுத்தம் வந்ததும் கம்பெனி தகடு அனுப்புவதை நிறுத்திவிட்டது. இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போகிறதென்று பெரியவர்களுக்குத் தெரியும். என்னிடம் மாமா சொன்னது வேறு.

"ஊர்ல இருக்கற செவுரெல்லாம் தீந்துபோச்சு பாப்பா. இனிமே எங்க அடிக்கிறது? அதான் மாமா பட்டாளத்துக்குப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எட்டு வயதுக்காரி எனக்கு அது சத்திய வாக்கு. மலேயாவிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அப்புறம் பேச்சுமூச்சு இல்லை.

சுவர் தீர்ந்ததால்தானே போனார்? சுவரைக் காலி பண்ணினால் வந்துவிடப் போகிறார்! இதுகூடத் தோன்றாத பெரியவர்கள் என்ன பெரியவர்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். கொல்லையில் கிடந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாழடைந்த மில் சுவரில் ஒன்று, சத்திரத்துச் சுவரில் ஒன்று, நெம்பிப் பெயர்த்தேன். தோல் இல்லாத தகடுகளைத் தொடவில்லை. அடுத்தவர் வேலையில் கைவைக்கலாமா? அவ்வளவு நியாயஸ்தி நான்.

மூன்றாவது, ரயிலடி சோடாக்கடை. கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏ குட்டி! எவ வூட்டுப் புள்ளடி நீ? கைய ஒடச்சிப்புடுவேன்!"

விழுந்தடித்து ஓடி வந்தேன்.

அந்த வாரம் சர்க்கார் முத்திரை போட்ட பழுப்பு உறை ஒன்று வந்தது. அப்பா அதை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். அன்றைக்கு அம்மா உலை வைக்கவில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றாள். எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மறுபடி ரயிலடிக்குப் போனேன். சோடாக்கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். ஓடத் தயாராக நின்றேன்.

"ஒன் மாமன் அடிச்சதா இது?"

சுவர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குறடு எடுத்துவந்து நாலு ஆணியையும் தாமே பிடுங்கினார். தோள் துண்டால் தூசியைத் துடைத்துத் தகட்டைக் கொடுத்தார். கீழே விழுந்த தோல் துண்டுகளையும் பொறுக்கி, "இதையும் வச்சுக்க ஆயி" என்றார்.

அதற்கப்புறம் எந்தக் கடையிலும் என்னை யாரும் அதட்டவில்லை. ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். என் வீரத்துக்கு ஊரே நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிலுக்கடியில் ஏழு தகடு சேர்ந்தது. அம்மாவை இழுத்துவந்து காட்டினேன்.

"மாமாவுக்குக் கார்டு போடும்மா. செவுரெல்லாம் காலியாயிடுச்சு, ஒடனே வரச் சொல்லு."

அடுக்கில் மேலாக இருந்த தகட்டை அம்மா உள்ளங்கையால் தடவினாள். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதினாள். கார்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"வெலாசம் எழுதலையேம்மா?"

"தபால்காரருக்குத் தெரியும். போட்டுட்டு வா."

மாமாவைக் காணவில்லை என்றுதான் அந்தப் பழுப்பு உறையில் எழுதியிருந்தது. அம்மாவின் பெட்டியில் அதை நான் பார்த்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. அவள் கடைசிவரை தம்பிக்குக் காரியம் செய்யச் சம்மதிக்கவேயில்லை.

அன்றைக்கோ, கார்டு தபால்பெட்டிக்குள் விழும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுவிட்டு, நேரே சோடாக்கடைக்கு ஓடினேன். சுவரில் நாலு ஆணித்துளைகள் இருந்தன.

"மாமா வந்ததும் மொதல்ல இங்கதான் அடிக்கணும். வேற யாருக்கும் எடம் குடுத்துடாதீங்க."

"சரி ஆயி" என்றவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகட்டைக் கேட்காமல் பிடுங்க வந்ததற்கு இன்னும் என்மேல் கோபம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.